ஜில்லுனுதான் கீது

1

இந்தக் கதை என் குழப்பத்தில் தொடங்கியது. எனக்கும் சர்க்கரை. இன்சுலின் போட வேண்டும் என்ற டாக்டர், பேனாவா சிரிஞ்சா, ஒரு வேளையா இரண்டு வேளையா என்று கேட்டார். எழுதுகிறவனிடம் போய்ப் பேனா என்றால்? யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்கு வந்து, கங்காதரனை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

தோணிரேவுக் குப்பத்தில் பொழுது விடிவதற்கு முன் கங்காதரன்... (வேண்டாம். மீனவர் கதை என்றாலே பொழுது விடிந்துதான் தீர வேண்டுமா?)

கங்காதரன் ஏரியில் இறால் பிடிப்பவன். காலில் ஆறாத புண். இரண்டு வேளை இன்சுலின் போடவும் மருந்தைக் குளிர்ச்சியில் வைக்கவும் சொன்னார் அவன் டாக்டர். வீட்டில் பிரிட்ஜ் இல்லை. இறால் விற்கும் அவன் மனைவி லோகநாயகிக்குக் குளிர்ச்சி என்றால் ஒன்றுதான்: கல்லுப்பு தூவிய ஐஸ். மருந்து பாட்டிலை இறாலுக்கு நடுவே புதைத்தாள்.

"எறாலே கெடல, மருந்து இன்னாத்துக்குக் கெடப் போவுது?"

[உப்பு போட்ட ஐஸில் இன்சுலின் உறைந்துவிடும், உறைந்தால் வீரியம் போய்விடும். பேனாவாக இருந்தாலும் அப்படித்தான். இது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கதை எழுதுவதில் இப்படி ஒரு கேவலம் உண்டு.]

3

ஊசி போட்டும் சர்க்கரை இறங்கவில்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். திருட்டுத்தனமாகத் தின்கிறானோ என்று லோகநாயகி சோற்றுப் பானையை வேவு பார்த்தாள். கங்காதரனுக்குக் கோபம் வந்தது, அதைவிடப் பயம் வந்தது.

"கால எடுத்துட்டா படகுல எப்டி நின்னு கோல் ஊன்றது, லோகா?"

இந்த இடத்தில் டாக்டரை முட்டாளாக்கப் பார்த்தேன், மனம் வரவில்லை. மருந்தை எப்படி வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்கத்தான் செய்தார்.

"ஜில்லுனுதான் கீது சார்" என்றான் கங்காதரன். அதில் பொய்யும் இல்லை.

4

நேற்றும் இன்றும் ஐஸ் வண்டி வரவில்லை. நேற்று வாங்கி வந்த புது பாட்டிலை, வேறு வழியில்லாமல், ஈரத்துணி சுற்றித் தண்ணீர்ப் பானை ஓரம் வைத்தாள். மருந்து முதல் முறையாகப் பிழைத்தது. கூட்டிய அதே அளவைப் போட்டுக்கொண்டு, கஞ்சியை வந்து குடிக்கிறேன் என்று சொல்லி, கங்காதரன் தனியாகப் படகெடுத்தான்.

ஒரு முடிவு: நடு ஏரியில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி, வேர்த்து, கை நடுங்கி, கோல் நழுவி... (அடித்துவிட்டேன்.)

இன்னொரு முடிவு: லோகநாயகி கஞ்சித் தூக்கோடு கரைக்கு ஓடுகிறாள். ஏன் ஓடுவாள்? அவளுக்குத்தான் எதுவும் தெரியாதே.

தெரிந்தது எனக்கு. இப்போது உங்களுக்கும். எழுதுகிறவன் கத்தினால் அவனுக்குக் கேட்காது, நானும் கத்திப் பார்த்துவிட்டேன். படகு இன்னும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. சட்டைப் பையில் மிட்டாய் இருந்தால் எடுத்துக்கொண்டு கரைக்கு வாருங்கள். அவன் பெயர் கங்காதரன்.