மூடாத காது

மலர் வளையத்தைத் தம்பியின் காலடியில் வைத்துவிட்டு நிமிர்ந்த மேனேஜர், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அக்காவிடம் வந்தார். அந்த ஆளை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"மனசைத் தேத்திக்கோங்கம்மா. வீட்டிலிருந்தே வேலை பாத்தாலும் ஒருநாள் கூட லேட் கிடையாது அவர். உங்க முழங்கால் இப்ப பரவாயில்லையா? படியேற முடியலைன்னு..."

மீதியை அப்படியே முழுங்கினார். அக்காவுக்குச் சுருக்கென்றது. முழங்கால் வலியை ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கிறவளா அவள்? தம்பியின் அறையில் துணி மடித்துக்கொண்டே அவனிடம் மட்டும் புலம்பியது அது.

"தம்பி சொன்னானா?"

"சொல்லியிருப்பாரு..."

தம்பியாவது, இந்த ஆளிடம் வீட்டுக் கதை பேசுவதாவது!

"இந்த ஆபீஸ் புரோகிராம் நம்மள வேவு பாக்குதுக்கா" என்று மாசக்கணக்காகச் சொன்னான். கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினான். "உன் மூஞ்சியப் பாக்க யாருடா தவம் கெடக்கா?" என்று இவள் சிரித்தாள். பாவிப்பய, கேமராக் கண்ணை மூடியவன் மைக் காதைக் கோட்டை விட்டுவிட்டான். "ஞாயித்துக்கிழமை கம்ப்யூட்டரைத் துடைச்சு, லினக்ஸ்னு வேற சிஸ்டம் போட்டு எல்லாத்தையும் தலைமுழுகிடறேன்" என்றான். சனிக்கிழமை மத்தியானம் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தான்.

"அந்தக் கம்ப்யூட்டரைக் குடுத்தீங்கன்னா, ஆபீஸ் சமாச்சாரத்தை எடுத்துட்டுத் திருப்பித் தந்துடறோம்மா."

"அது அவன் சொந்தக் காசுல வாங்கினது. இருங்க, வர்றேன்."

தம்பியோடு வேலை பார்க்கும் நெட்டையனைக் கண்ணால் கூப்பிட்டாள். தம்பி வாயில் அவன் எப்போதும் ஒட்டகம்தான். ஞாயிற்றுக்கிழமை லினக்ஸ் போட்டுத் தர வருவதாக இருந்தவனும் அவன்தான். அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினாள்.

"டேய் ஒட்டகம், அந்த லினக்ஸ் எங்க?"

அவன் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தான். "ஆனா இதைப் போட்டா எல்லாம் அழிஞ்சிடும்க்கா. அவன் விசிலடிச்சுப் பதிவு பண்ணி வெச்சதும் போயிடும்."

நாற்காலியின் முதுகில் தம்பியின் துண்டு அப்படியே கிடந்தது.

"அவன் விசில் எனக்கு மனப்பாடம்டா. அது சரி, வெளிய நிக்கறான் பாரு, உன் வேலைக்கு உலை வெக்க மாட்டானா?"

"வெச்சா வெச்சுட்டுப் போறான்க்கா."

அக்கா பிளாஸ்திரியை நகத்தால் கிள்ளி உரித்தாள். கேமராவுக்கு நேராகக் குனிந்தாள்.

"நல்லாப் பாத்துக்கய்யா. காதையும் தீட்டி வெச்சுக்க. முழங்கால் வலிக்குது. ஆனா நிக்க முடியுது."

கதவைத் தட்டும் சத்தம். "அம்மா, அதுல எதுவும் பண்ணிடாதீங்க!"

"போடுடா," என்றாள்.

திரை ஒருமுறை இருண்டு, வேறு நிறத்தில் வெளிச்சமானது. ஒட்டகம் என்னென்னவோ தட்டினான். "எல்லாத்தையும் அழிக்கட்டுமா" என்று திரை கேட்டபோது அவளைத் திரும்பிப் பார்த்தான். அவளே எட்டி அமுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் சுடுகாட்டு வண்டி வந்து நின்றது. யாரோ, "தூக்கிடலாமா?" என்று கூப்பிட்டார்கள்.

"இனிமே இது யாருதுன்னு பேர் கேக்குதுக்கா. உங்க பேரைப் போடட்டுமா?"

"நகரு."

தம்பியின் நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி, அவன் பெயரை அடித்தாள்.