தள்ளிப்போடும் மாத்திரை

ஹோட்டல் அறைக் கட்டிலில் ஒரு துண்டை விரித்து, வெள்ளை அரைக்கால்சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மேனேஜர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நாட்டின் பெண்கள் கால்பந்து அணிக்கே மேனேஜர் என்றால் என்னமோ பெரிய பதவி என்று அவளுடைய சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். துவைப்பது, உலர்த்துவது, சுளுக்குக்குத் தைலம் தேய்ப்பது, வீட்டு நினைப்பில் அழுகிறவளைச் சமாதானப்படுத்துவது என்று எல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது. ஆண்கள் அணி வெளிநாடு போனால் டாக்டர், கால் பிடித்துவிட ஆள், பெட்டி தூக்க ஆள் என்று ஒரு பட்டாளமே கூடப் போகும். பெண்கள் அணிக்கு அத்தனைக்கும் சேர்த்து இந்த ஒருத்தி.

அவளும் ஒரு காலத்தில் நாட்டுக்காக ஆடியவள்தான். அதனால் பெண்கள் அவளை மேனேஜர் என்று கூப்பிடுவதில்லை, அக்கா என்பார்கள். அவளும் அவர்களைத் தங்கைகளாகத்தான் நினைத்தாள். அதில் பொய்யே கிடையாது.

அன்று மதியம் அரையிறுதி. முதல் சுற்றிலேயே மூட்டை கட்டிவிடும் என்று எல்லோரும் கைகழுவிவிட்ட அணி, பல நாடுகளின் அணிகள் வந்திருந்த அந்தப் பெரிய போட்டியில் அரையிறுதிவரை வந்திருந்தது. காலைச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் வழக்கம்போல அக்காவின் அறைக்கு வந்து உள்ளங்கையை நீட்டினார்கள். அக்கா இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, தேவைப்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு மாத்திரை கொடுத்தாள். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை.

எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததல்ல அது. அக்கா கிளம்பும் முன் தனக்குத் தெரிந்த மருந்துக்கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்தது. அவள் ஆடிய காலத்திலும் அவளுடைய மேனேஜர் இப்படித்தான் கையில் கொடுப்பார். கேள்வி கேட்காமல் முழுங்கினாள், ஒன்றும் ஆகவில்லை. தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் ஊருக்கே ஒன்றும் ஆகாது என்று நினைக்கிற புத்தி நம் எல்லோருக்கும் உண்டல்லவா? முதல் சுற்றோடு நிறுத்திவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தாள். அணி ஜெயிக்க ஜெயிக்க மாத்திரையும் நீண்டுகொண்டே போனது.

இத்தனைக்கும் காரணம் அந்த வெள்ளைத் துணி. சீருடை நிறத்தைக் கால்பந்துச் சங்கத்தின் கமிட்டி முடிவு செய்தது. வெள்ளையில்தான் ஒரு கம்பீரம் இருக்கிறது என்று செயலாளர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். கம்பீரமாம்! நாற்காலியில் சாய்ந்து பார்க்கிறவருக்கு அது கம்பீரம். அதைப் போட்டுக்கொண்டு, எங்கே கறை தெரிகிறதோ என்று பின்னால் கை வைத்துப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவளுக்கு அல்லவா அதன் லட்சணம் தெரியும்?

அணியின் கேப்டன் கெட்டிக்காரி. கிளம்புவதற்கு வெகு முன்பே அக்காவிடம் வந்து, கீழே மட்டும் கருநீலம் கொடுக்கச் சொல்லிக் கமிட்டியில் கேளுங்கள் என்றாள். அக்காவும் கேட்கத்தான் போனாள். மேசையைச் சுற்றி முழுக்க ஆண்கள். சொல்ல வந்ததைச் சொல்லலாம் என்று செயலாளர் அவள் பக்கம் திரும்பினார். அவள் எழுந்தாள். கருநீலம் வேண்டும் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்று இத்தனை ஆண்களுக்கு நடுவில் எப்படிச் சொல்வது? பயணப் பெட்டிகளின் சக்கரம் சரியில்லை என்று எதையோ உளறிவிட்டு உட்கார்ந்தாள். திரும்பி வந்து கேப்டனிடம், கேட்டுப் பார்த்தேன், முடியாது என்றுவிட்டார்கள் என்றாள். ஒரு சின்னப் பொய்தானே என்று நினைத்தாள்.

மாத்திரை வாங்க வந்தவர்களில் கடைசியாக நின்றவள் பட்டாசு. வலது ஓரத்தில் பந்தோடு அவள் கிளம்பினால் பிடிக்க ஆளில்லை, அதனால் அந்தப் பெயர். அன்று அவள் ஒரு காலை லேசாக இழுத்து இழுத்து நடந்தாள். விமானத்தில் அவ்வளவு நேரம் மடக்கி உட்கார்ந்து வந்ததிலிருந்தே கெண்டைக்கால் வலிக்கிறது என்றாள். அக்கா தொட்டுப் பார்த்தாள். கொஞ்சம் வீங்கி, சூடாக இருந்தது.

"தசைப்பிடிப்புடி. படு, பிடிச்சுவிடறேன்," என்றாள் அக்கா.

கால்பந்து ஆடுகிறவர்களுக்குக் கெண்டைக்கால் வலித்தால் அது தசைப்பிடிப்புதான். வேறெதுவும் அவர்களுக்குத் தோன்றாது. தைலத்தைக் கொட்டி, இரண்டு கட்டைவிரலாலும் கீழிருந்து மேலாக அழுத்தி அழுத்தித் தேய்த்தாள் அக்கா. பட்டாசு தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றும் சொன்னாள். அரையிறுதி என்றால் மூச்சு வாங்காதா, எனக்கே வாங்குகிறது என்று அக்கா சிரித்தாள். அதற்கு மேல் பட்டாசு வாயைத் திறக்கவில்லை. வலிக்கிறது என்று அழுத்திச் சொன்னால் வெளியே உட்கார வைத்துவிடுவார்களே என்ற பயம் அவளுக்கு.

ஆட்டம் தொடங்கியது. எதிரணிப் பெண்கள் கீழே கறுப்புதான் போட்டிருந்தார்கள். அவர்களுக்காக யாரோ வாயைத் திறந்து கேட்டிருக்கிறார்கள்.

பட்டாசு ஒரு முறைதான் கிளம்பினாள். பந்தைத் தட்டிவிட்டுத் தடுக்க வந்தவளைத் தாண்டினாள். அரங்கமே எழுந்தது. அவளுக்கு முன்னால் கோல்கீப்பரைத் தவிர யாரும் இல்லை. அப்போது அவள் நின்றாள். பந்து தன்பாட்டுக்கு உருண்டு போக, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு அப்படியே சரிந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை.

நடிக்கிறாள் என்று கூட்டம் கூச்சல் போட்டது. எழுந்திரு என்று நடுவர் கையைக் காட்டினார். முதலில் ஓடிவந்து குனிந்து பார்த்தவள் எதிரணிக்காரிதான். பார்த்த வேகத்தில் அவள் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டி ஆட்டி உதவிக்குக் கூப்பிட்டாள். அக்கா போய்ச் சேர்ந்தபோது பட்டாசின் உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அக்காவைத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் இளவயது டாக்டர் வெளியே வந்து, இந்தப் பெண் மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாளா என்று கேட்டார்.

"சத்து மாத்திரைதான் டாக்டர்," என்றாள் அக்கா.

அடிப்பாவி! பிள்ளை உள்ளே உயிருக்குப் போராடுகிறாள், அப்போதும் பொய். எதிரில் நின்றது ஆம்பளை டாக்டர், அவ்வளவுதான் காரணம். பழகிப்போன நாக்கு தானாகவே மறைத்துவிட்டது. டாக்டர் உள்ளே போக, கதவு மூடிக்கொண்டது. அந்த மூடிய கதவைப் பார்த்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. கதவைத் தள்ளிக்கொண்டு அவளே உள்ளே ஓடினாள். ஒரு நர்ஸ் தடுத்தாள். அவள் தோளுக்கு மேலாகவே, வேறு ஒரு மாத்திரையும் கொடுத்தேன் என்று கத்தினாள். என்ன மாத்திரை என்பது மட்டும் இன்னும் வாயில் வரவில்லை.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "மாதவிலக்கைத் தள்ளிப்போடறதா? எத்தனை நாளா?"

வாயில் வராத வார்த்தையை, மணி என்ன என்று கேட்பதுபோல அவர் கேட்டார். அக்கா திகைத்துப் போனாள். இவ்வளவுதானா? இந்த வார்த்தைக்கா இத்தனை காலம் பயந்தோம்?

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். காலில் கட்டிய ரத்தம் நகர்ந்து போய் நுரையீரல் குழாயை அடைத்திருக்கிறது, கரைக்க மருந்து ஏற்றுகிறோம் என்றார் டாக்டர். அந்த மாத்திரை எல்லோருக்கும் இப்படிச் செய்துவிடாது. நீண்ட பயணம், அதோடு இந்த மாத்திரை, அதுவும் இத்தனை நாள், எல்லாம் சேர்ந்து சிலருக்கு இப்படி ஆகும். அதனால்தான் கொடுப்பதற்கு முன் டாக்டர் சில கேள்விகள் கேட்பார். இவள் குடும்பத்தில் யாருக்காவது கால் வீங்கி ரத்தம் கட்டியதுண்டா என்று யாராவது கேட்டீர்களா என்றார்.

அக்கா பட்டாசின் அம்மாவுக்குப் போன் போட்டாள். மகள் விழுந்ததை டிவியில் பார்த்துவிட்டு அந்த அம்மா அழுதுகொண்டிருந்தாள். கேட்டவுடன் பதில் வந்தது. "எனக்கு இருந்துச்சும்மா. இவ பொறந்தப்போ கால் வீங்கிப் போச்சு, ரத்தம் கட்டியிருக்குன்னு மாசக்கணக்கா மருந்து குடுத்தாங்க. ஏம்மா, அதை ஏன் இப்பக் கேக்குறீங்க?"

ஏன் இப்போது? அந்த அம்மா எதையும் ஒளித்து வைக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். கேட்கத்தான் ஆளில்லை.

காலை யாராவது அழுத்திப் பிடித்துவிட்டார்களா என்று டாக்டர் கடைசியாகக் கேட்டார். வீங்கிய காலை அப்படி அழுத்தினால் ரத்தக்கட்டி பெயர்ந்து மேலே போகக்கூடும் என்றார். நான்தான் என்றாள் அக்கா. தைல வாசம் இன்னும் போகாத தன் கையைப் பார்த்தாள். பாசமாகப் பிடித்துவிட்ட கை அது.

வெகு நேரம் கழித்துத்தான் உயிருக்கு ஆபத்தில்லை என்று நர்ஸ் வந்து சொன்னாள். ஆனால் மாதக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும், அதுவரை பந்தைத் தொடக் கூடாது, அதற்குப் பிறகும் பழைய ஓட்டம் வருமா என்று இப்போது சொல்ல முடியாது என்றாள். ஆட்டம் தோற்ற செய்தியும் வந்தது. அது யார் காதிலும் ஏறவில்லை.

ஆட்டம் பார்க்க வந்திருந்த சங்கச் செயலாளரும் கேப்டனும் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நடைபாதை முழுக்க ஆட்கள். நோயாளிகளின் உறவினர்கள், மற்ற நாட்டு அணிக்காரர்கள், செய்திக்காரர்கள். நடந்ததை அக்கா சொல்லக் கேட்டதும் செயலாளர் ஆடிப்போனார். அவர் கொடுமைக்காரர் இல்லை. அவர் வீட்டிலும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஆனாலும் வெள்ளை என்று முடிவெடுத்தபோது அது அவர் நினைவுக்கு வரவில்லை.

"இதுக்கா மாத்திரை?" என்றார். "கருநீலம் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா மாத்திக் குடுத்திருப்போமே. யாருமே கேக்கலையே."

கேப்டன் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"ஆமாடி," என்றாள் அக்கா. "நான் கேக்கவே இல்லை. முடியாதுன்னுட்டாங்கன்னு உன்கிட்டப் பொய் சொன்னேன். ஆம்பளைங்க நடுவுல சொல்ல வெக்கமா இருந்துச்சு." பிறகு செயலாளர் பக்கம் திரும்பினாள். அவள் குரல் நடைபாதையின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது. "மாதவிலக்கு, சார். பொண்ணுங்களுக்கு மாசாமாசம் வர்றது. உங்க வீட்லயும் வருது. நான் சொல்லாதது தப்பு. நீங்க கேக்காததும் தப்பு. இனிமே டாக்டர் சொல்லாம ஒரு மாத்திரைகூட என் கையால குடுக்க மாட்டேன். இந்தப் பிள்ளைங்க எதைப் போட்டுக்கிட்டு ஆடணும்னு இவங்களைக் கேக்காம நீங்களும் முடிவு பண்ணாதீங்க."

நடைபாதையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து, "எல்லாரும் பாக்குறாங்கம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க," என்றார்.

"மெதுவாப் பேசிப் பேசித்தான் சார் அவ உள்ள படுத்திருக்கா," என்றாள் அக்கா.