கூரைச் சண்டையும் கல்யாணத் தேநீரும்

கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. நான் மணக்கப்போகும் ஹோக்மான், ஒரு பள்ளியில் வரலாற்றுப் பாடம் நடத்துபவன். புதுவருட விருந்தில் அவனோடு அரசியல் பேசிச் சண்டை போட்ட அப்பா, "உங்க ரெண்டு பேர் கையால தேநீர் குடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். மணமக்கள் மண்டியிட்டு நீட்டும் தேநீரைப் பெற்றவர் குடிக்காவிட்டால், சீனர்களான எங்களுக்கு அது கல்யாணமே இல்லை.

அப்பா, ஹோக்மான் இருவருக்கும் பொதுவாகப் பிடித்தது வாள்சண்டைப் படம் ஒன்றுதான். ஞாயிறு மதியக் காட்சிக்கு மூன்று டிக்கெட் எடுத்து, நடுவில் நான் உட்கார்ந்தேன்.

கொட்டும் மழையில், கோயில் கூரைமேல், நாயகி பன்னிரண்டு காவலர்களைத் தனியாகச் சமாளித்தாள். ஓடு ஒன்று உடைந்து பறந்தபோது என் இரண்டு பக்கமும் இரண்டு தலைகள் ஒரே நேரத்தில் குனிந்தன. கடைசியில், ஏழு ஊர்களை எரித்த பேரரசனைக் கொல்ல வந்தவள், நாடு ஒன்றாக வேண்டும் என்று வாளைப் போட்டுவிட்டு அவன் முன் மண்டியிட்டாள். அப்பா கைதட்டினார். ஹோக்மான் பல்லைக் கடித்தான்.

படம் முடிந்து, மோங்காக் கடைத்தெருவில் ஒரு தேநீர்க்கடையில் உட்கார்ந்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஊரைக் கொளுத்துனவன் காலுல விழறாளே, மாமா! அவ அம்மாவும் அதுலதான செத்தா?"

"விழலன்னா இன்னும் எழுபது ஊரு எரியும். வரலாறு வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா?"

"எரிச்சதே அவன்தானே!"

இறால் கொழுக்கட்டை வந்தது. நான் தொடவில்லை. ஹோக்மான் என் முகத்தைப் பார்த்தான்.

"ஆனா மாமா, அந்தக் கூரைச் சண்டை..."

அப்பாவின் கண்கள் விரிந்தன. "பாத்தியா? வாளு வலது கையிலேர்ந்து..."

"இடது கைக்கு! காத்துலயே!"

"இப்படி!" அப்பா சாப்பிடும் குச்சியைச் சுழற்றினார். ஹோக்மான் தன் குச்சியால் தடுத்தான். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மூச்சு வாங்க, அப்பா தன் கோப்பையை நிரப்பிய கையோடு அவன் கோப்பையிலும் ஊற்றினார். பழக்கத்தில் அவன் நன்றி சொல்லும் விதமாக இரண்டு விரல்களை மடக்கி மேசையில் தட்டினான். மாறுவேடத்தில் வந்த பேரரசன் தேநீர் ஊற்றியபோது, வேடம் வெளிப்பட்டுவிடும் என்று மண்டியிட முடியாத பணியாள் விரல்களை மண்டியிட வைத்த கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

அப்பா வெடித்துச் சிரித்தார். "மாட்டினியா! ராசாவுக்கு மண்டி போடக் கூடாதுன்னு கத்தினியே, உன் விரலு போடுதே!"

ஹோக்மானின் காது சிவந்தது. "இது தேநீர் ஊத்தின கைக்கு, மாமா. அந்த ராசாவுக்கு இல்ல."

அப்பா ஒரு கொழுக்கட்டையை எடுத்து அவன் தட்டில் வைத்தார். "விரல் மட்டும் போட்டா எனக்குப் பத்தாது. கல்யாணத்தன்னிக்கு முட்டி ரெண்டும் தரையில படணும்."

"படும், மாமா."

"சுட்யிங், தேநீர் சூடா இருக்கணும், சொல்லிட்டேன்" என்றார் என்னிடம். எனக்குக் கண் கலங்கியது.

"நல்ல படம்தான், மாமா. கடைசிப் பத்து நிமிஷம் தவிர" என்றான் ஹோக்மான்.

"அந்தப் பத்து நிமிஷம்தான்டா படமே!" என்று அப்பா மறுபடி குச்சியைத் தூக்கினார்.