தண்ணீர்த் தொட்டிக்கு ஊற்றிய பீர்

எங்கள் குளியலறை முற்றத்து மூலையில் இருக்கிறது. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடைவெளி. ஜூன் மாதக் குளிர்காலத்தில் எங்கள் மலையூர் எல் ஆல்ட்டோவின் காற்று அந்த வழியாக உள்ளே வந்து, குளிக்கிறவரின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போகும். வெந்நீருக்கு மின்சார ஷவர். உடம்பில் ஒட்டுத்துணி இல்லாவிட்டாலும் காலில் ரப்பர் செருப்பு இருந்தாக வேண்டும், இல்லையென்றால் குழாய் கடிக்கும். கோயிலில் நாங்கள் போடும் சிலுவைக் குறியைவிட அந்தக் குழாயைத் திருகும் முன் போடும் சிலுவைக் குறியில்தான் பக்தி அதிகம். அம்மா குளித்தால் தெருவுக்கே தெரியும், எல்லா வீட்டு விளக்கும் மங்கும்.

அதனால் சனிக்கிழமை மட்டும் குளித்தோம். யாருக்கும் குறை இல்லை, என் அக்கா நில்டாவுக்குக் கல்யாணப் பேச்சு வரும் வரை.

மாப்பிள்ளை வில்மர் சாந்தா குரூஸ்காரர். அங்கே வருடம் முழுக்க வியர்க்கும், ஒரு நாளைக்கு இரண்டு முறை குளிப்பார்கள். அவருடைய அம்மா எர்லிண்டா தொலைபேசியில் அக்காவிடமே சொன்னார்: "தப்பா எடுத்துக்காதம்மா. குளிக்காத ஊர்ல என் பையனைக் குடித்தனம் வைக்க எனக்கு மனசு வரல. நேர்ல வந்து மூணு நாள் இருந்து பாக்கறேன். சரிப்படலன்னா ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க."

வில்மர் நல்லவர். ஆனால் அம்மா சொன்னால் நாற்காலியிலிருந்துகூட எழுந்துவிடுவார், அதில் வேறு யாரும் உட்காரப் போவதில்லை என்றாலும். அக்காவுக்கோ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய ஜீன்ஸ் விற்கும் இடம் இருந்தது. நல்ல தெருமுனை. ஒன்பது வருடம் விடியற்காலைப் பனியில் நின்று பிடித்தது. ஒரு மாதம் கடை போடாவிட்டால் வேறொருத்தி அங்கே துணி விரித்துவிடுவாள்.

"ஒரு குளியலறையால என் முனை போகப்போகுது" என்றாள் அக்கா.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் காசிமிரோ மாமா.

மாமா மின்சார வேலை தெரிந்தவர். அதாவது, இரண்டு வருடம் ஒரு எலக்ட்ரீஷியனின் பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்.

ஆனாலும் அந்த வாரம் அவர் உழைத்ததைக் குறை சொல்ல முடியாது. கூரை இடைவெளியில் தெர்மாகோலை அடைத்துச் சிமெண்ட் பூசினார். கதவின் அடியில் அப்பாவின் மினிபஸ் டயர் டியூபை வெட்டி ஆணி அடித்தார். புது ஷவர், தடித்த கம்பி, தரைக்குள் ஒரு செப்புக் கம்பி. அந்தச் செப்புக் கம்பிக்கு மட்டும் உண்மையான எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார்.

"என்ன மச்சான், என் மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இருக்குடா. சம்பந்தியம்மாவை உயிரோட ஊருக்கு அனுப்பணும், அதான்."

காற்று நின்றது. குழாய் கடிப்பதை நிறுத்தியது. தண்ணீர் மட்டும் சுடவில்லை. எங்கள் ஷவர்களின் குணம் அது: குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் கொதிக்கும், முழுதாகத் திறந்தால் பச்சைத் தண்ணீர். நாங்கள் பிறந்ததிலிருந்து இரண்டு விரலால் திருகிப் பழகியவர்கள். வெப்ப ஊர்க்காரருக்கு அது தெரியாது.

"உள்ள ஒரு சீட்டு ஒட்டிடலாம், 'கொஞ்சமாத் திறக்கவும்'னு" என்றாள் அக்கா.

"விருந்தாளிக்குத் தண்ணியை அளந்து விடறியா? மானம் போயிடும்" என்றார் அம்மா.

எர்லிண்டா அம்மாள் வந்து இறங்கும் நாள் காலையில், மாமா ஒரு பெட்டி பீரும் ஒரு பை காகிதப் பொட்டும் கொண்டு வந்தார். வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் பூமித்தாய்க்கு முதல் மிடறு ஊற்றி, வண்ணக் காகிதப் பொட்டு தூவுவது வழக்கம். கதவுக்கு ஊற்றினார், நான்கு மூலைக்கும் ஊற்றினார், ஷவருக்குக் காகித மாலை போட்டார். ஒவ்வொரு ஊற்றலுக்கும் தானும் ஒரு மிடறு. பூமித்தாயைத் தனியாகக் குடிக்க விடுவது மரியாதை இல்லையாம்.

பிறகு ஏணியை எடுத்தார். "புள்ள, பிடி."

"எங்க மாமா?"

"தண்ணி எங்கேருந்து வருது? மேல இருக்கற தொட்டியிலேருந்து. அதுக்கு ஊத்தாம விட்டா மனசு நோகாதா?"

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். 'வேண்டாம்' என்ற சொல் தொண்டைவரை வந்தது. என்னிடம் சொற்கள் அதுவரைதான் வரும். மேலே தொட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது, பீர் நுரைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மாமா காகிதப் பொட்டுப் பையையும் காலியாக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

எர்லிண்டா அம்மாள் நான்கு மணிக்கு வந்தார். மூன்று ஸ்வெட்டர் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தார். கோக்கா இலைத் தேநீரைக் குடித்துவிட்டு எங்களை ஒவ்வொருவராக மோந்து பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பிரயாண அலுப்பு. குளிக்கணும். முடியுமா, இல்ல சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கணுமா?"

"தாராளமா குளிங்க" என்றார் அம்மா. அக்கா துண்டைக் கொடுத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. குழாய் முழுதாகத் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நான் அலறலுக்காகக் காத்திருந்தேன்.

அலறல் வரவில்லை. வீட்டு விளக்கு மங்கியது. கதவிடுக்கிலிருந்து ஆவி வந்தது. எங்கள் குளியலறையிலிருந்து ஆவி வந்து நான் பார்த்ததே இல்லை. உள்ளே எர்லிண்டா அம்மாள் பாட ஆரம்பித்தார்.

எனக்கு மட்டும் புரிந்தது. காகிதப் பொட்டுகள் குழாய் வழியே இறங்கி, ஷவர்த் தட்டின் பாதித் துளைகளை அடைத்துவிட்டன. குழாயை எவ்வளவு திறந்தாலும் தண்ணீர் நூலாகத்தான் வரும்.

கால் மணி நேரம் பாடினார். அப்புறம் 'டப்' என்று ஒரு சத்தம். பாட்டு நின்றது.

கதவு திறந்தபோது எர்லிண்டா அம்மாள் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றார், முகம் தக்காளியாகச் சிவந்து. ஒரு கையில் கழன்று விழுந்த ஷவர்த் தட்டு. தலை, தோள், புருவம் எங்கும் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் காகிதப் பொட்டு. லேசாகப் பீர் வாசனை வேறு.

தலையில் காகிதப் பொட்டு போடுவது வாழ்த்துச் சொல்ல. பிறந்தநாளுக்குப் போடுவோம், பரிசம் முடிந்தால் சம்பந்திகளுக்குப் போடுவோம். பேச்சே தொடங்காமல் யாரும் போடமாட்டார்கள்.

"மலைக்காரங்க ஊமைன்னு சொல்வாங்க" என்றார் எர்லிண்டா அம்மாள் மெதுவாக. "ஊமை இல்ல, கேடிங்க. நான் இன்னும் வாயைத் திறக்கல, அதுக்குள்ள தலையில போட்டு முடிச்சுட்டீங்க. அதுவும் அம்மணமா நிக்கும்போது."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவர் காலை மிதித்தார்.

"இனி உதறினா பிள்ளைங்களுக்கு ஆகாது" என்று எர்லிண்டா அம்மாள் பெருமூச்சு விட்டார். "சரி, ரெண்டு பேரும் இங்கயே இருக்கட்டும். தண்ணி மட்டும் தினம் இதே சூட்டுல வரணும்."

அக்கா அழுதுகொண்டே அவரைக் கட்டிக்கொண்டதில் பாதிப் பொட்டு அவள் தலைக்கும் ஒட்டியது.

மறுநாள் காலையில் மாமா தட்டை ஊசியால் பளிச்சென்று சுத்தம் செய்து மாட்டினார். எர்லிண்டா அம்மாள் உள்ளே போனார். அலறல் மூன்று வீட்டுக்குக் கேட்டது.

மாமா என்னைப் பார்த்தார். நான் ஏணியை எடுத்து வந்து, தொட்டிக்கு நேராகச் சுவரில் சாத்தினேன்.