மூட்டு அவளுக்கு, இதயம் அவருக்கு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடி ஃபிளாட்டில் இருக்கும் நவரத்தினமும் ஜெகதீஸ்வரியும் நோய் வருத்தங்களைப் பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். இதயம் அவருக்கு, இரண்டு வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்தவர். மூட்டு அவளுக்கு, பத்து வருடமாக முடக்குவாதம். காலையில் விரல்கள் மடங்க ஒரு மணித்தியாலம் எடுக்கும்.

அவருடைய இதயத்துக்கு ஜெகதீஸ்வரிதான் காவல். ஒரு தேங்காய் துருவினால் கட்டிப்பால் அவளுடைய சட்டிக்கு, மூன்றாம் தரம் பிழிந்த தண்ணிப்பால் அவருடைய சட்டிக்கு. மூட்டு வருத்தக்காரிக்குச் சத்து வேண்டும்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். பின்னேரம் மரைன் டிரைவில் அவர் இரண்டு ரவுண்ட் நடக்க, அவள் கல்லில் இருந்து கச்சான் கடலை கொறித்தபடி பார்ப்பாள். அவர் பாதியில் திரும்பினால் பிடித்துவிடுவாள். வங்கியில் முப்பது வருடம் இருந்த நவரத்தினம், ஓடிட்காரர்கூட இவ்வளவு கடுமையில்லை என்று சிநேகிதரிடம் முறையிடுவார்.

செவ்வாய்க்கிழமை பொரளைப் பக்கம் மூட்டுக் கிளினிக்குக்குப் போனாள். புதிதாக வந்திருந்த டொக்டர் அருந்ததி விரல்களோடு நிற்காமல் பிரஷரும் பார்த்தார். கொலஸ்ட்ரோல் எவ்வளவு என்று கேட்டார்.

“டொக்டர், அது என்ர மனுசன்ர வருத்தம். எனக்கு மூட்டுதான்.”

அருந்ததி சிரிக்கவில்லை. முடக்குவாதத்தின் அழற்சி விரலோடு நிற்காது, இரத்தக் குழாயின் சுவரையும் கெடுக்கும் என்றார். இந்த வருத்தக்காரருக்கு இதய நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு வரை கூடவாம். ஜெகதீஸ்வரி பாமசியில் தானே வாங்கி விழுங்கும் நோவுக் குளிசை அதை இன்னும் ஏற்றுமாம். பிரஷர் நூற்றி அறுபது. இரத்தம் சோதிக்கத் துண்டு எழுதிவிட்டு, படி ஏறும்போது நெஞ்சிலோ தோளிலோ தாடையிலோ நோவு வருகிறதா என்று கேட்டார்.

ஜெகதீஸ்வரி இல்லை என்றாள்.

பொய். ஒரு மாதமாக வருகிறது. படி ஏறினால் இடது தோள் இறுகும், பிறகு தாடை. நின்றால் போய்விடும். தோள் என்றபடியால் தன் பங்குதான் என்று விட்டிருந்தாள். டொக்டர் கேட்ட விதத்தில், அது தன் பங்கில்லையோ என்று இப்போது பட்டது. ஆனால் ஓம் என்றால் நவரத்தினம் காவல்காரராகிவிடுவார். அதைவிடப் பெரிய பயம், இரண்டு பேரும் படுத்தால் யார் யாரைப் பார்ப்பது என்பது. ஒரே மகள் மேனுகா மெல்பேர்னில்.

வெளியே வாங்குப் பலகையில் இருந்த கணவரிடம் எல்லாம் வழமைபோலத்தான் என்று சொன்னாள்.

ஃபிளாட்டுக்கு வந்து பார்த்தால் லிஃப்ட் திரும்பவும் வேலை செய்யவில்லை. நாளைக்குத்தான் ஆள் வருமாம் என்று வாசல் காவலாளி சிங்களத்தில் சொன்னார். இரண்டாம் மாடித் திருப்பத்தில் தோள் இறுகியது. ஜெகதீஸ்வரி நின்று, கைப்பைக்குள் கதவுத் திறப்பைத் தேடத் தொடங்கினாள். பின்னால், வழியில் வாங்கிய மரக்கறிப் பையோடு வந்த நவரத்தினமும் நின்றார். அவள் தேடிக்கொண்டே இருந்தாள்.

“திறப்பு என்ர கையில கிடக்கு,” என்றார் அவர்.

அவள் நிமிரவில்லை. நெற்றி வியர்த்திருந்தது.

“இஞ்சேரும், ஸ்டென்ட் வைக்க முதல் மூண்டு மாசம் நானும் இதே படியிலதான் நிண்டனான். நீர் கேட்டால், செருப்பு வார் இழுக்குது எண்டு சொல்லுவன். நீரும் நம்பிப் புதுச் செருப்பு வாங்கித் தந்தனீர்.”

ஜெகதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தாடை நொந்தது.

“உது தோள் வாதம்.”

“ஓம். எனக்கும் செருப்புத்தான்.”

அவளைப் படியிலேயே இருத்திவிட்டுக் கிளினிக்குக்குப் போன் எடுத்தார். இனி ஒரு படியும் நடக்க விடவேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குக் கொண்டுவாருங்கள் என்று அருந்ததி சொன்னார். காவலாளியும் வாசலில் நின்ற ஓட்டோக்காரரும் பிளாஸ்டிக் கதிரை ஒன்றில் அவளை இருத்தித் தூக்கினார்கள். வேல்விழாவில் சுவாமி வருவதுபோல ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. நவரத்தினம் கதிரையின் ஒரு காலைப் பிடிக்கக் கை நீட்டினார்.

“நீங்கள் தொடாதேங்கோ. உங்கட நெஞ்சுக்குக் கூடாது,” என்றாள் கதிரையில் இருந்தபடி.

அவசரப் பிரிவில் இருந்த டொக்டரும் அருந்ததி கேட்டதையே கேட்டார். நவரத்தினம் பதில் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

“ஓம் டொக்டர். ஒரு மாசமா. படி ஏறேக்க,” என்றாள் ஜெகதீஸ்வரி. “காலமை கிளினிக்கில கேட்டவை. நான் இல்லையெண்டு சொல்லிப்போட்டன்.”

ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். மாரடைப்பு இன்னும் வரவில்லை, வருகிற வழியில் பிடித்துவிட்டோம் என்றார் டொக்டர். இரவு வாட்டில் தங்கவேண்டும், காலையில் இரத்தக் குழாய் அடைப்புப் பார்க்கும் அஞ்சியோகிராம்.

நவரத்தினம் கட்டில் ஓரத்தில் இருந்து, தனக்குச் செய்ததை நினைத்து, எந்தக் கையில் ஊசி போடுவார்கள், எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கவேண்டும், எந்த இடத்தில் கொஞ்சம் சூடாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். ஜெகதீஸ்வரி ஒரு இடத்திலும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.