முயல் பால் கொடுக்க வரும் நேரம்

அத்தைக்கு வாய் கொஞ்சம் நீளம். தம்பியின் கைக்குழந்தையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்கிற புண்ணியத்துக்காக அந்த வீட்டில் எல்லாரும் அதைப் பொறுத்துக்கொண்டார்கள். தம்பி பெண்டாட்டி துணி பாக்டரியில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள். "காலர் மகாராணி கிளம்பிட்டாங்க" என்று அவள் காதில் விழும்படியே அத்தை சொல்வாள்.

கொல்லையில் தம்பி வளர்த்த முயல் குட்டி போட்டது. தன் முடியையே பிய்த்து மரப்பெட்டிக்குள் மெத்தை போட்டிருந்தது. அதில் கண் திறக்காத ஐந்து குட்டிகள். தாயோ கூண்டின் மறுமூலையில் சாவகாசமாகக் கீரை மென்றுகொண்டிருந்தது. மத்தியானம் வரை பெட்டிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்துப் போட்டுட்டு என்ன தெனாவட்டு பாரு!"

லீவு நாளாதலால் தம்பி பெண்டாட்டி பக்கத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். "விடுங்க அண்ணி, அதுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சவங்க லட்சணத்ததான் தினம் பாக்குறேனே!"

அவள் அடுத்த துணியை உதறிக் கொடியில் போட்டாள். அத்தை குட்டிகளைச் செருப்பு டப்பாவில் அள்ளி வந்து, பஞ்சை மாட்டுப்பாலில் நனைத்து ராத்திரி வரை ஊட்டினாள். மறுநாள் மத்தியானத்துக்குள் ஐந்தும் வயிறு ஊதி விறைத்துப்போயின.

பதறிப்போய் முயல் விற்ற கடைக்குப் போன் போட்டாள்.

"ஐயையோ, எதுக்கும்மா எடுத்தீங்க?" என்றார் கடைக்காரர். "அது ஒரு நாளைக்கு ஒரு வாட்டிதான் பால் குடுக்கும், அதுவும் கொஞ்ச நேரம்தான். கூடவே கெடந்தா நாய், பூனை மோப்பம் புடிச்சு வந்துடும். குட்டிங்களக் காப்பாத்தத்தான் ஒதுங்கி இருக்கும்மா."

குட்டிகளைக் கொல்லை மூலையில் புதைத்தாள்.

பொழுது சாய்ந்தது. குழந்தைக்குப் பாட்டிலில் பால் கலக்கிக்கொண்டே ஜன்னல் வழியே பார்த்தாள். முயல் எழுந்து, சோம்பல் முறித்து, நேராகப் பெட்டிக்குள் போனது. முடியைக் கிளறியது. வெளியே வந்தது. மறுபடியும் உள்ளே போய்க் கிளறியது.

அத்தையின் கையிலிருந்த பாட்டில் சுட்டது. தினமும் இதே நேரம்தான். தம்பி பெண்டாட்டி வருவதற்குச் சற்று முன் குழந்தைக்கு வயிறு முட்டப் புகட்டிவிடுவாள். வந்தவள் ஆசையாகத் தூக்கினால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அவள் குளியலறைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சிவிட்டு, கண் சிவக்க வருவாள். "எங்கிட்ட குடிக்கவே மாட்டேங்கிறான் அண்ணி" என்பாள். "பழக்கம் விட்டுப்போச்சு, வேறென்ன?" என்று இதே வாய்தான் சொன்னது.

"பாவி, நான் பாவி" என்று பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

குழந்தை வீட்டைக் கூட்டி அழுதது. அத்தை அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். கேட் திறந்தது. தம்பி பெண்டாட்டி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

"என்னாச்சு அண்ணி?"

"பசிம்மா. இன்னிக்கு நான் குடுக்கல. தினம் நீ வர்றதுக்கு முன்னாடி நான்தான்..." குழந்தையை அவளிடம் நீட்டினாள்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து குழந்தையை மார்போடு அணைத்தாள். அழுகை நின்றது. மடக் மடக்கென்று குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"தெரியும் அண்ணி" என்றாள், தலை நிமிராமல். "நான் வரும்போது பாட்டில் இன்னும் சூடா இருக்கும். கேட்டுட்டு, மறுநாள் இவன யார்கிட்ட விட்டுட்டுப் போவேன்?"

அத்தை குனிந்து அவள் காலிலிருந்த செருப்பைக் கழற்றினாள். கொல்லையில் முயல் இன்னும் பெட்டியைப் பிறாண்டிக்கொண்டிருந்தது.