பின்னால் வந்த பிள்ளை

இதில் ஒரு சொல் பொய்யென்றால், கனடாவின் ஸ்காபரோவிலுள்ள அத்தனை கோயில் மணிகளும் அறுந்து சொல்பவன் தலையில் விழட்டும்.

புனிதவதி முதியோர் இல்லமொன்றில் துணி தோய்ப்பவள். கூட வேலை செய்தவள் நசேரியன், கென்யாவின் மசாய்ப் பெண். யாழ்ப்பாணத்துப் பெண்களோடு நெடுங்காலம் படுக்கை விரிப்பு மடித்ததில் அவளுக்குத் தமிழ் வந்துவிட்டது. புனிதவதியின் பிள்ளைகளுக்குத்தான் வரவில்லை.

நசேரியன் திரும்பிப் பார்க்கமாட்டாள். கூப்பிட்டவர்தான் சுற்றிவந்து முன்னால் நிற்கவேண்டும். கார் பழகப் போனவளை, ரிவர்ஸ் எடுக்கச் சொன்ன அன்றே மாஸ்டர் கும்பிட்டு அனுப்பிவிட்டார்.

அவள் ஊரில் மணப்பெண் தகப்பன் வீட்டைவிட்டுப் போகும்போது திரும்பிப் பார்த்தால் கல்லாகிவிடுவாளாம். பதின்மூன்று வயதில் பள்ளிப் பையைப் பறித்து வைத்துவிட்டு, தகப்பனைவிட மூத்தவனுக்கு, மாடுகளை வாங்கிக்கொண்டு அவளைக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம், பிள்ளை வெளியே வர வழியில்லாமல் வயிற்றிலேயே செத்தது. பிறகு பிள்ளையே இல்லை.

"நான் வெளிக்கிட்டன் அக்கா. அவள் வெளிக்கிடேல்லை" என்றாள் நசேரியன்.

"ஆரடி?"

"பதின்மூண்டு வயசுக்காரி. வாசல்லயே நிண்டிட்டாள். இப்ப பின்னால வாறாள்."

புனிதவதிக்கும் கேட்டது. மெஷின்களின் இரைச்சலுக்குள் பாசிமணிகள் உரசும் சத்தம். நசேரியன் நின்றால் அதுவும் நிற்கும்.

வளர்ந்தோர் பள்ளியில் நசேரியனுக்கு இடம் கிடைத்திருந்தது. போகும்போதெல்லாம் வாசலில் வைத்து, "அது நான் இருந்து படிக்கிற கதிரை" என்று பின்னால் குரல் எழும். கால் விறைத்துப்போய், வந்த வழியே பின்பக்கமாக நடந்து பஸ் ஏறுவாள். இந்த வெள்ளியும் உள்ளே போகாவிட்டால் இடம் போய்விடும்.

"பேய் போகத் தேசிக்காய் வெட்டுவமே?" என்றாள் புனிதவதி.

"அவள் பேயில்லை அக்கா. படிக்க வந்தவள்."

"அப்ப நீ திரும்பாதை, நான் பாத்துச் சொல்லுறன். எனக்கென்ன, நான் உங்கட ஆளே? எங்கட சனத்தைக் கல்லாக்கிறதெண்டா வேற அப்ளிகேசன் போடோணும்."

வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில், பனி கொட்டக் கொட்ட, புனிதவதி திரும்பினாள்.

சிவப்புத் துணியும் கழுத்து நிறைய மணியுமாக ஒரு பிள்ளை. அதன் கையைப் பிடித்தபடி இன்னொன்று. வெள்ளைச் சீருடை, ரெட்டைப் பின்னல், கக்கத்தில் கொம்பாஸ் பெட்டி. போருக்கு இயக்கம் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பதினாறு வயதில் அவசரமாகத் தாலி கட்டிவைத்தார்களே, அன்று விடிய புனிதவதி வீட்டு வாசலில் விட்டுவந்த பிள்ளை; அவளேதான்.

"என்ன அக்கா தெரியுது?"

"ஒண்டுமில்லையடி. நீ உள்ளுக்குப் போ."

மணிச்சத்தம் புனிதவதியைக் கடந்து, நசேரியனோடு படியேறி உள்ளே போனது. வெள்ளைச் சீருடை மட்டும் நின்றது. அதைப் பார்த்தபடியே புனிதவதி காலிலிருந்து குளிர்ந்து, இடுப்பு, கழுத்து என்று கல்லானாள். பள்ளிக்காரர் அந்தக் கல்லை அசைக்கப் பார்த்துக் களைத்துவிட்டார்கள். இப்போது மாணவர்கள் அதன்மேல் கோப்பிக் கோப்பை வைக்கிறார்கள். முகம் இருக்கவேண்டிய பக்கத்தில் மட்டும் பனி தங்குவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை முழுக்கப் புனிதவதி பக்கத்து ஊரான அஜக்ஸில், மகள் வீட்டில், காய்ச்சலோடு படுத்திருந்தாள். கோயில் மணி ஒன்றும் இன்னும் அறுந்து விழவில்லை.